வலிக்காத கால்

எனக்குப் பிள்ளை வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. என் கணவரும் கேட்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது, இருக்கிறவரை இப்படியே இருந்துவிட்டுப் போவோம் என்று நாங்கள் இருவரும் பேசி முடித்தாயிற்று. அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. விருத்தாசலத்திலிருந்து சமயபுரம் வரை வெறுங்காலோடு நடந்து வருவதாக ஆத்தாளிடம் வேண்டிக்கொண்டாள். மஞ்சள் புடவை வாங்கி, மாலையும் போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்குப் போன் செய்து சொன்னாள். வந்த ஆத்திரத்தில் போனைக் கட்டிலில் விட்டெறிந்தேன்.

அம்மாவுக்கு வயது அறுபத்து மூன்று. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. வருஷா வருஷம் பாதயாத்திரைக் குழுவை அழைத்துக்கொண்டு போகிறவன் என் அண்ணன். நேராக அவனிடம் போய்க் கத்தினேன்.

“சுகர் இருக்கிறவங்க வெறுங்காலோட நடக்கக் கூடாதுண்ணே. வூட்டுக்குள்ளயே செருப்பு போடச் சொல்லியிருக்காங்க டாக்டரு.”

“தீ மாதிரி இருக்குது தாரு ரோடு, போன மாசம் அம்மா ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் நடந்து பாத்துச்சு. காலு பூரா கொப்புளம். ஆனா வலியே இல்லன்னுச்சு. ஆத்தா தாங்குறா. நீ சும்மா இரு.”

வலிக்கவில்லை என்பதுதானே நோய்! சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டால் காலுக்கு எதுவும் தெரியாது என்று டாக்டர் சொன்னபோது நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து அதை இவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? எங்கள் வீட்டில் அதற்கு அருள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தெருவில் நாலு பேர் அம்மா காலைத் தொட்டுக் கும்பிடவும் ஆரம்பித்தார்கள். அம்மாவும் கூச்சப்பட்டுக்கொண்டே காலை நீட்டினாள்.

வேறு வழியில்லாமல் லீவு போட்டுவிட்டு நானும் கிளம்பினேன். மாலை போடவில்லை. அம்மாவின் செருப்பை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். எங்காவது ஓரிடத்தில் போடவைத்துவிடலாம் என்று நினைப்பு.

விடிகிற நேரத்தில் செராமிக் பேட்டை வழியாக நடந்தோம். அங்கே ஒரு யூனிட்டில்தான் எனக்குச் செக்கிங் வேலை. சூளையிலிருந்து வருகிற பீங்கான் ஃபியூஸ் கட்டையை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். கணீரென்றால் நல்லது, சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல். விரிசல் கண்டதை உடைத்துப் போடுவோம். பேட்டையைச் சுற்றி ரோட்டோரப் பள்ளங்களையெல்லாம் அந்த உடைசலைக் கொட்டித்தான் தூர்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டுமாவது செருப்பைப் போடு என்று அம்மாவிடம் கெஞ்சினேன். “ஓம் புள்ளைக்காகத்தாண்டி நடக்கறேன், அபசகுனமா பேசாத” என்றாள். இல்லாத பிள்ளைக்கு அபசகுனம் வேறு.

மத்தியானம் தாண்டி வேப்பூர் வந்து சேர்ந்தோம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஓட்டலுக்குப் பக்கத்தில் பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக நின்றிருந்தார்கள். நடந்து வருகிறவர்களின் காலைக் கழுவிவிட்டால் புண்ணியம். அம்மாவைத் தாம்பாளத்தில் நிற்கவைத்து ஒரு பெண் தண்ணீர் ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் சிவந்தது.

“ஆரத்தி மாதிரி செவக்குதே, ஆத்தா வந்துட்டா!” என்றாள் அந்தப் பெண். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அண்ணன் உரக்க “ஓம் சக்தி” என்றான். எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.

நான் அம்மாவை இழுத்து ஓட்டல் நாற்காலியில் உட்காரவைத்தேன். இடது உள்ளங்காலில், சுண்டு விரலுக்குக் கீழே, கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு வெள்ளைச் சில்லு ஏறியிருந்தது. ஒரு பக்கம் வழவழவென்று பளபளத்தது. தினமும் என் கையில் புரளும் சரக்கு. விடியற்காலையில் ஏறிய சில்லோடு அவள் வேப்பூர் வரை நடந்திருக்கிறாள். எங்கள் யூனிட் உடைசலோ வேறு யூனிட்டோ தெரியாது, நான் உடைத்ததாகவும் இருக்கலாம். பிடுங்கி எடுத்து அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இதாண்ணே உங்க ஆத்தா. பாத்துக்க.”

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அப்புறம் பலர் சொன்னார்கள். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அம்மா அசையவில்லை. மாலை போட்டவள் பாதியில் திரும்பினால் குற்றமாம். வேண்டுதல் எனக்காக என்பதால் கெடுதலும் எனக்கே வருமாம். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ரத்த சொந்தம் ஒருவர் மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு மீதியை நடந்து முடிக்கலாம். அதை எனக்குச் சொன்னதும் அண்ணன்தான். சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“குடு” என்றேன்.

அம்மா மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். போட்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “செருப்பக் கழட்டு.”

அண்ணன் குழுவை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவளை அழைத்துக்கொண்டு விருத்தாசலம் பஸ் ஏறினான். நான் திருச்சிப் பக்கம் திரும்பி நடந்தேன்.

பக்தியில் நடக்கிறவர்களுக்கு வழி எப்படி இருக்குமோ எனக்குத் தெரியாது. நான் மூன்று நாளும் கோபத்தில்தான் நடந்தேன். ரோட்டோரம் போட்டிருக்கும் வெள்ளைக்கோட்டில் கால் வைத்தால் தாரைவிடச் சூடு குறைவு என்று கூட வந்த ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தார். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தோம். லாரி போகிற காற்றில் புடவை காலைச் சுற்றியது. முதல் நாள் கொப்புளம் வந்தது, இரண்டாம் நாள் உடைந்தது, மூன்றாம் நாள் ஒவ்வொரு அடிக்கும் உச்சந்தலைவரை வலித்தது. வலிக்க வலிக்க எனக்கு ஆத்திரம் கூடியது. இவ்வளவும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் செராமிக் பேட்டையிலேயே உட்கார்ந்திருப்பாளே. வழியில் ஒருவர் என் காலில் விழுந்தபோது, “எழுந்திருங்க, நான் சாமியும் இல்ல பூதமும் இல்ல” என்று எரிந்து விழுந்தேன்.

சமயபுரத்தில் கூட்டம் தள்ளிக்கொண்டு போய் சன்னதிக்கு நேரே நிறுத்தியது. “நகருங்க நகருங்க” என்று ஒரு கை முதுகில். பிள்ளை கேட்கவில்லை. எங்கம்மா காலுக்கு வலியைக் கொடு என்று கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தாள்.

ஊர் திரும்பி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது காலில் இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். அம்மா பக்கத்துக் கட்டில்காரியிடம், விரலை எடுத்த பிறகும் தனக்கு வலியே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் அண்ணன் நின்றிருந்தான். எனக்கு அவனிடம் பேசப் பிடிக்கவில்லை.

இளவயதுப் பெண் டாக்டர் ஒருவர் வந்தார். வலது காலையாவது காப்பாற்ற வேண்டும், அதில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். அவர் கையில் ஒரு பிடியும் அதன் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு இழையும் இருந்தது.

“கண்ண மூடிக்குங்கம்மா. இதால கால்ல தொடுவேன். தெரிஞ்சா ‘ம்’னு சொல்லுங்க.”

அம்மா கண்ணை மூடினாள். டாக்டர் கட்டைவிரலில் அழுத்தினார், இழை வளைந்தது. நடுவிரலில், சுண்டு விரலில், உள்ளங்கால் நடுவில், குதிகாலில், மறுபடி கட்டைவிரலில் என்று அழுத்திக்கொண்டே போனார். ஒவ்வொரு தடவையும் நான் அம்மாவின் வாயைப் பார்த்தேன், அண்ணனும் பார்த்தான். ரேஷன் கடையில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவள் போல அவள் கவனமாகக் காத்திருந்தாள். டாக்டர் கடைசி இடத்தையும் தொட்டுவிட்டு இழையை மடக்கிப் பையில் வைத்தார்.

அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“தொடுறேன்னீங்களேம்மா, எப்ப ஆரம்பிப்பீங்க?”