கை நிறைய வளையல், ரசீது இல்லை

அன்றைக்கு எனக்கு அவர்கள் வளையல் போட்டுவிட்டது பாசத்தினாலா, இல்லை என் வாயை அடைத்து வீட்டுக்கு அனுப்பவா? என் மகள் இப்போது யு.கே.ஜி. படிக்கிறாள். அவள் என் வயிற்றில் இருந்தபோது எழுந்த கேள்வி இது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

நடந்தது கடலூரில், ஒரு காவல் நிலையத்தில். எந்த நிலையம் என்று சொல்லவில்லை. அன்று அங்கே இருந்தவர்களில் சிலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். பொங்கல் முடிந்து வெயில் மெல்ல ஏறத் தொடங்கியிருந்த நேரம்.

நான் சிதம்பரத்தில் பிறந்து, அங்கேயே எம்.காம். படித்து, கடலூருக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவர் ஏ.சி. மெக்கானிக். எங்கள் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிய, நன்றாகத் தெரிந்த ஏஜென்ட் ஒருவர்தான் அவரை மலேசியாவுக்கு அனுப்பினார். விசாவைப் பார்த்தால் சுற்றுலா விசா. கேட்டேன். "அங்க போயி வேல பர்மிட்டா மாத்திக்கலாம் தங்கச்சி, எல்லாரும் இப்படித்தான் போறாங்க" என்றார். நான் உண்டாகியிருப்பது தெரிந்த சந்தோஷத்தோடு கணவர் விமானம் ஏறினார். பர்மிட் வரவேயில்லை. ஒருநாள் அவர் வேலை செய்த இடத்தில் இமிகிரேஷன் அதிகாரிகள் சோதனை போட்டு, பர்மிட் இல்லாதவர்களை எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

செய்தி சொன்னவர், அவரோடு தங்கியிருந்த பரங்கிப்பேட்டைக்காரர். "அக்கா, பதறாதீங்க. மச்சானப் புடிச்சி கேம்ப்ல வெச்சிருக்காங்க. ஏஜென்ட் ஏமாத்தித்தான் வந்தாருன்னு காட்டணும்னு வக்கீல் சொல்றாரு. ஊர்ல போலீஸ்ல புகார் குடுத்த ரசீது ஒண்ணு அனுப்புங்க. கோர்ட்டுக்குக் கொண்டு போறதுக்குள்ள வேணும்."

ரசீது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் அவரைக் கேட்கவில்லை. தெருவில் இருந்தவர்களே சொல்லிவிட்டார்கள்: ஜெயில், சில பேருக்குப் பிரம்படி. அதன் பிறகு குழந்தை வயிற்றில் அசையும்போதெல்லாம் எனக்குப் பயம்தான் வந்தது.

புகார் கொடுத்தால் ரசீது தரவேண்டும் என்பது விதி. அதைச் செல்போனில் தேடிப் படித்து வைத்திருந்தேன். ஆனால் விதி தெரிந்திருப்பது வேறு, காவல் நிலைய வாசலில் நின்று வாய் திறப்பது வேறு. மாமனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இரண்டு முறை போனேன். ஒருமுறை புகாரை எழுதி வாங்கும் ரைட்டர் இல்லை. இன்னொரு முறை, இன்ஸ்பெக்டர் ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தோம்.

மூன்றாவது முறை போனபோது வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் நின்றேன். உள்ளே அந்த நிலையத்துப் பெண் காவலர் ஒருவர் பட்டுப்புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், என்னைப் போலவே நிறைமாதத்தை நெருங்கும் வயிறு. காக்கி உடையில் இருந்தவர்கள் வரிசையில் நின்று அவருக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். வளைகாப்பு!

"திரும்பிப் போயிடலாம்மா" என்று மாமனார் என் முந்தானையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார். அதற்குள் ஏட்டம்மா ஒருவர் பார்த்துவிட்டார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், வாட்டசாட்டமான உருவம். என் கையிலிருந்த மனுவை அவர் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தார்.

"எத்தினி மாசம்?"

"ஏழு மேடம்."

"வளையல் போட்டாச்சா?"

எனக்கு என்னவோ ஆகிவிட்டது. சிதம்பரத்தில் அம்மா கீழ வீதிக் கடையில் வளையல்கள் வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாமியார்தான், பிள்ளை அங்கே கம்பிக்குப் பின்னால் இருக்கும்போது இங்கே என்ன விசேஷம் என்று நிறுத்திவிட்டார். நானும் அதுதான் சரி என்று தலையாட்டியிருந்தேன். இப்போது, முன்பின் தெரியாத ஒருவர் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டேன். மாமனார்தான் விஷயத்தைச் சொன்னார்.

"அவன் அங்க மாட்டிக்கினா இவ என்னா பண்ணுவா? வயித்துல இருக்கறதுக்கு அதெல்லாம் தெரியுமா? வாடி இங்க" என்று ஏட்டம்மா என் கையைப் பிடித்து இழுத்துப்போய், பட்டுப்புடவைக்காரரின் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். மனு உறையை வாங்கி மேசை மேல் வைத்தார்.

பிறகு நடந்ததெல்லாம் கனவு மாதிரி. கன்னத்தில் சில்லென்று சந்தனம். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள், ஒவ்வொன்றாக. என் கை சிறிது வீங்கியிருந்ததால் ஏட்டம்மா தேங்காய் எண்ணெய் தடவி, வலிக்காமல் ஏற்றினார். "ஸ்டேஷனுக்கு வந்தா வெலங்கு போடுவாங்கன்னுதான பயந்த? நாங்க வளையல்தான் போடுவோம்" என்று ஒரு காவலர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கணவரைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஐயாவும் வந்து அட்சதை தூவி, "தம்பி வந்துருவாரு, தைரியமா இரும்மா. மனுவப் பாக்கறோம்" என்றார். எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம் என்று இலை நிறைய வைத்தார்கள். "எல்லாம் எங்க சம்பளத்துல ஆளாளுக்குப் போட்டுப் பண்றதும்மா, கூச்சப்படாம சாப்புடு" என்று ஏட்டம்மா தயிர் சாதத்தை அள்ளி வைத்தார்.

ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது, பாலத்தின் மேல் ஆட்டோ குலுங்கி வளையல்கள் ஒன்றோடொன்று மோதின. அப்போதுதான் உறைத்தது. கை நிறைய வளையல் இருக்கிறது, ரசீது இல்லை.

வீட்டில் நான் பயந்தது நடக்கவில்லை. மாமியார் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா பெரியம்மா, மாமியாருக்கு முந்திக்கினு போலீஸ்காரி வளையல் போட்டுட்டாளே!" என்றதும் சிரித்துவிட்டார். அழுகையும் சேர்ந்து வந்தது. உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்து, தானும் என் நெற்றியில் வைத்தார். அந்த வீட்டில் அன்று மாலை இருந்த வெளிச்சத்தை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

அந்த வெளிச்சத்தில்தான் பரங்கிப்பேட்டைக்காரரிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, ரசீது கெடச்சிதா? இந்த வாரமே கோர்ட்டாம்."

மறுநாள் காலையில் நான் கிளம்பியபோது மாமனார் தடுத்தார். "நேத்து அவ்ளோ மரியாத பண்ணாங்க. இன்னிக்குப் போயி ரசீது குடுன்னா நம்மள இன்னான்னு நெனப்பாங்க?" எனக்கும் அதேதான் தோன்றியது. கேட்டால் நன்றி கெட்டவள். கேட்காவிட்டால் கணவருக்கு நான் யார்? அந்த யோசனையிலேயே நடந்து நிலையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். மாமனார் பின்னாலேயே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கியதும் வளையல் சத்தம், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஏட்டம்மா முகம் மாறியது.

"ஏம்மா, நேத்து எம்பொண்ணு மாதிரி ஒக்கார வெச்சனே. எங்க மேல நம்பிக்க இல்லியா ஒனக்கு?"

அதற்கு என்ன சொல்வதென்று இரவெல்லாம் பலவிதமாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "நம்பிக்க இருக்கு மேடம். ரசீதும் வேணும்" என்றேன்.

ரைட்டர், இன்ஸ்பெக்டர் ஐயாவின் அறைப் பக்கம் பார்த்தார். அப்போது மூலையில் கணினி முன்னால் இருந்து வளையல் சத்தம் கேட்டது, என்னுடையது இல்லை. நேற்றைய பட்டுப்புடவைக்காரர். இன்று காக்கியில், அதே வளையல்களோடு. "மனுவக் குடுங்க சார், நான் ஏத்திடறேன்" என்றார். தட்டச்சு செய்யும்போதெல்லாம் அவர் வளையல்கள் மேசையில் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தன. தாளை எடுத்து முத்திரை போட்டு என்னிடம் நீட்டினார். ஏட்டம்மா திரும்பி நின்றுகொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். நான் வாசலைத் தாண்டும்போது, திரும்பாமலேயே சொன்னார்: "படி பாத்து எறங்கு."

கோபமா, அக்கறையா? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்த ரசீது கோர்ட்டில் எவ்வளவு உதவியது என்று என்னால் சொல்ல முடியாது. வக்கீல் அதைக் காட்டினார். அபராதத்தோடு இவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் பிறந்து குப்புற விழத் தொடங்கிய நாளில் வீடு வந்து சேர்ந்தார். இப்போது கடலூரிலேயே வேலை. ஆனால் அந்த ஏஜென்ட்டை ஒருமுறை கூப்பிட்டு விசாரித்ததோடு சரி, அதற்குமேல் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அவர் இன்னும் ஆள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால் "நல்லா இருக்கியா தங்கச்சி" என்று கேட்கிறார்.

டீக்கடையில் கேள்விப்பட்டதாக மாமனார் பிறகு ஒன்று சொன்னார். அன்றைய வளைகாப்புச் சாப்பாடு அந்த ஏஜென்ட்டின் ஏற்பாடாம். உண்மையா பொய்யா, தெரியாது. உண்மையென்றாலும் ஏட்டம்மாவுக்குத் தெரிந்திருக்குமா? சம்பளத்தில் போட்டுச் செய்வதாக அவர் சொன்னபோது அந்த முகத்தில் பொய் இருந்ததாக எனக்கு நினைவில்லை. எண்ணெய் தடவி வலிக்காமல் வளையல் ஏற்றிய அந்தக் கைகளை நினைத்தால் இன்னும் மனசு இளகுகிறது. உடனே மேசை மேல் கிடந்த என் மனுவும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கீழ வீதி வளையல் கடையில் ஒருவர் என்னையே உற்றுப் பார்த்தார். "நீ மலேசியா கேஸுதான?" ஏட்டம்மா! ஓய்வுபெற்றுவிட்டார், தலை முழுக்க நரைத்துவிட்டது. என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வயித்துல இருந்தது நீதானாடி?" என்று கொஞ்சினார். அவர் மகளுக்கு அடுத்த மாதம் சிதம்பரத்தில் வளைகாப்பாம். "நீ கட்டாயம் வரணும். உங்கையால எம்பொண்ணுக்கு ஒரு வளையல் போடணும்" என்றார்.

எனக்காக அம்மா அன்று வாங்கி வைத்த வளையல்கள் இன்னும் பீரோவில் அப்படியே இருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு போகத்தான் நினைக்கிறேன். ஆனால் என் புகார் என்ன ஆயிற்று, அந்தச் சாப்பாடு யாருடையது என்று அவரைத் தவிர வேறு யாரிடம் நான் கேட்க முடியும்? வளையல் போட்ட கையோடு கேட்டால், ஒரு தாயின் சந்தோஷத்தைக் கெடுத்தவள் ஆவேனா? கேட்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தால், மறுபடியும் ரசீது வாங்காமல் திரும்புவதுதானே அது? வாசகர்களில் யாராவது இப்படிப்பட்ட இடத்தில் நின்றிருந்தால், அந்த வளைகாப்புக்குள் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.