சுண்ணாம்பு என் விரலில் இல்லை

கால்மாடுலின் ஆராய்ச்சி கெட்டதற்கு என் வெற்றிலைச் சுண்ணாம்புதான் காரணம் என்று லேப் நோட்டில் எழுதி வைத்தார்கள். அது பொய். இன்று வரை யாரும் அந்த வரியை அடிக்கவில்லை.

ஐஸும் பச்சை இரத்தமும் கலந்த வாசனை... அந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது அதுதான். கோலாலம்பூரில் ஒரு கல்லூரி லேப்பில் போத்தல் கழுவும் வேலை எனக்கு. வீடு கிள்ளானில். வாரம் ஒருமுறை காலையில் பாசாரில் ஆட்டு மூளை வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு, ரயிலில் கொண்டுபோவேன்.

கறிக்கடைக்காரர் கேட்பார்: "என்னக்கா, வாராவாரம் மூளை வாங்குறீங்க. வீட்டுல யாருக்குப் பத்தல?"

"வீட்டுல இல்ல லா. புரோபெசருக்கு."

அந்த மூளையிலிருந்து எடுக்கும் புரதம்தான் கால்மாடுலின். நான் படித்தது ஆறாம் வகுப்பு. மதிய இடைவேளையில் லேப் புத்தகங்களை அகராதி வைத்துப் படித்தேன்.

உடுக்கை மாதிரி உருவம் அதற்கு. நடு ஒடுங்கி, இரண்டு முனையும் பருத்திருக்கும். முனைக்கு இரண்டாக, கால்சியம் உட்கார நான்கு இடம். செல்லுக்குள் கால்சியம் கூடினால் அங்கே வந்து உட்காரும். உடனே முனைகள் விரிந்து, வேறொரு புரதத்தைக் கவ்விப் பிடித்து வேலை வாங்கும். கால்சியம் குறைந்தால் விட்டுவிடும். நம் குடல் சுருங்குவதற்கும் அது வேண்டும்.

ஸ்டீபன் அப்போது பிஎச்டி மாணவர், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பம். கால்சியம் உள்ள புரதத்தையும் இல்லாததையும் ஜெல்லில் ஓடவிட்டுப் பார்ப்பது அவர் வேலை. உள்ளது வேகமாகக் கீழே இறங்கும், இல்லாதது மேலே நிற்கும். ஆனால் வாரக்கணக்காக இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. எங்கிருந்தோ கால்சியம் கலக்கிறது.

புரோபெசர் என் சிவந்த வாயைப் பார்த்தார்.

"வெத்தல போடுவீங்களா? சுண்ணாம்பு கால்சியம்தானே லா! முடிஞ்சுது கத."

எல்லாரும் சிரித்தார்கள். நோட்டில் எழுதினார்கள். என் வெற்றிலை டப்பா வாசல் காவலாளியிடம்தான் இருக்கும், இரண்டு முறை சோப்புப் போட்டுத்தான் உள்ளே வருவேன். அதை யாரும் கேட்கவில்லை.

பிறகு மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு போட்டேன். திரும்பி வந்து ஜெல் படங்களைப் பார்த்தேன். அந்தப் பத்து நாளும் அதே கோளாறு.

"ஸ்டீபன், நான் கிள்ளான்ல பந்தி பரிமாறிட்டு இருந்தேன். என் விரல் மட்டும் இங்க வந்துச்சா?"

அவர் படங்களில் இருந்த தேதிகளைத் திருப்பிப் பார்த்தார்.

"மட்டமான கண்ணாடியிலிருந்து தண்ணியில கால்சியம் கசியும்னு உங்க புத்தகத்துலயே போட்டிருக்கு. தண்ணிய பிளாஸ்டிக் போத்தல்ல வச்சுப் பாருங்க."

வைத்தார். அடுத்த ஜெல்லில் கால்சியம் இல்லாதது மேலே நின்றது. அந்த பிளாஸ்டிக் போத்தல்களைக் கழுவியதும் இதே கைதான்.

அந்த வாரமே எல்லாப் போத்தலையும் மாற்றினார்கள். நோட்டில் இருந்த வரியை மட்டும் மாற்றவில்லை. இரண்டு முறை கேட்டேன். "விடுங்கக்கா..." என்றார் ஸ்டீபன்.

இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டேன். வெற்றிலையையும் டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அதற்குப் பதில் சாப்பிட்டதும் ஒரு கால்சியம் மாத்திரை. சிவந்த வாயும் இல்லை, ஐஸ் பெட்டியும் இல்லை. ரயிலில் வெறுங்கையோடு உட்கார்ந்து வருகிறேன்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் ஸ்டீபனைப் பார்த்தேன். செமினியில் வீடு, தலை நரைத்துவிட்டது. அந்த லேப்புக்கு இப்போது அவர்தான் தலைவர்.

"அக்கா! புது ஸ்டூடன்ட்ஸுக்கு அந்தப் பக்கத்தக் காட்டி உங்க கதையத்தான் சொல்வேன். எல்லாரும் சிரிப்பாங்க."

"எந்தக் கத? போத்தலா, சுண்ணாம்பா?"

அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே இங்கே எழுதுகிறேன். ஸ்டீபன் அந்த நோட்டை எடுத்து, வரியை ரூலர் வைத்து அடிக்க வேண்டும். பக்கத்தில் 'கண்ணாடிப் போத்தல்' என்று எழுதி, தேதி போட வேண்டும். பங்சாரில் ஓய்வாக இருக்கும் புரோபெசர் அதன் கீழே கையெழுத்திட வேண்டும், மன்னிப்பு வேண்டாம். என்னைப் பற்றிச் சிரித்த மாணவர்களுக்கு ஸ்டீபனே மீதிக் கதையைச் சொல்ல வேண்டும்.

சாட்சிக் கையெழுத்து நான் போடுகிறேன். நாளைக் குறித்துச் சொல்லுங்கள். கையைக் கழுவிக்கொண்டுதான் வருவேன்.