மூடி மேல் துளசி மாடம்

நாளைக்குக் கார்த்திகைத் தீபம். வீடு நிறைய சொந்தக்காரர்கள். இன்று காலை பார்த்துக் கக்கூஸில் தண்ணீர் இறங்கவில்லை.

செப்டிக் டேங்க் எடுக்கிற லாரியைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன்.

"மூடி எங்கங்க?" என்றார் டிரைவர்.

கொல்லைப் பக்கம் கை காட்டினேன். மூடியின் மேல் துளசி மாடம். சிமெண்ட் மேடை சும்மாதானே கிடக்கிறது என்று போன வருஷம் என் மனைவி வைத்தது.

"தீபம் முடியற வரைக்கும் அத அசைக்கக் கூடாதுங்க," என்றாள்.

"இன்னிக்கு உட்டா அடுத்த வாரந்தான்," என்றார் டிரைவர்.

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன் சொம்போடு நின்றார். வீட்டுக்குள் கக்கூஸ் கட்டியதற்கு என்னை இன்னும் கிண்டல் செய்கிறவர்.

"ஊர்ல மாதிரி ஏரிக்கரைக்குப் போங்களேன் மச்சான்," என்றேன்.

"எங்க பாத்தாலும் ஜனம் மலை சுத்துது மாப்ள, எங்க போயி ஒக்கார்றது?"

பிறகு தங்கையிடம் சொன்னார்: "தொளசி பொறுத்துக்கும்மா. என்னால முடியாது."

கடப்பாரையை அவரே எடுத்தார். அண்ணனிடம் அவள் எதிர்த்துப் பேசவில்லை.

டேங்க் காலியாகி லாரி போய்விட்டது. மாடம் இப்போது கிணற்றடியில். என்னோடு மட்டும் அவள் பேசவில்லை. கொஞ்சம் படுக்கப் போகிறேன். உங்கள் வீட்டு மூடி மேல் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.