நாற்பது புட்டிகள்

தோ கும்ரேக்கு ஐம்பத்தெட்டு வயது. தென்கொரியாவின் இஞ்சியோன் நகரத்தில் நாங்கள் வேலை பார்த்த அங்காடியில் எனக்கு மீன் பகுதி. அவளுக்கு எதிரே இருந்த சலவைத் திரவ இயந்திரம். வீட்டிலிருந்து காலிப் புட்டி கொண்டுவந்தால் அதில் நிரப்பிக்கொண்டு போகலாம். 'இனி பிளாஸ்டிக் வேண்டாம்' என்று மேலே பச்சை எழுத்தில் பலகை.

முதல் இரண்டு மாதம் திரவம் பெரிய பீப்பாயில் வந்தது. பிறகு வரவில்லை. மலிவாகக் கிடைத்ததென்று திரவம் அடைத்த ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. தினமும் கடை திறக்குமுன் கும்ரே நாற்பது புட்டிகளைத் திருகித் திறந்து இயந்திரத்தின் தொட்டியில் கவிழ்ப்பாள். காலிகளை மிதித்து நசுக்கி, கறுப்புப் பையில் கட்டிப் பின்வாசலில் போடுவாள். லாவெண்டர் நெடி அவள் நகக்கண்ணில் ஏறிவிட்டது. மதியம் சூப்பை வாயில் வைத்தால், "சோப்பைக் குடிக்கிற மாதிரி இருக்கு, போ" என்று கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள்.

மேற்பார்வையாளர் பியோவிடம் கேட்டாள். "பீப்பாய் எப்ப சார் வரும்?"

அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வரும்போது வரும். ஜனங்க திரவத்துக்கா வர்றாங்க? நல்ல காரியம் பண்றோம்னு ஒரு நெனப்புக்கு வர்றாங்க. அதைக் கெடுக்காதீங்கம்மா."

ஒரு புதன்கிழமை, வாராவாரம் கண்ணாடி ஜாடியோடு வரும் நாரி என்ற பெண் கும்ரேயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க புண்ணியத்துல இந்த வருஷம் எங்க வீட்ல ஒரு சோப்பு புட்டிகூட வாங்கல."

கும்ரே தலையாட்டினாள். நேரே கழிப்பறைக்குப் போய்க் காலையில் தின்றதை வாந்தியெடுத்தாள். வாய் கொப்பளித்து வந்து என்னிடம், "உன் மீன் குடல் தேவலை. நாத்தத்தை மறைக்கத் தெரியாது அதுக்கு" என்றாள்.

சனிக்கிழமை, கூட்டம் நெரிகிற நேரத்தில், பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி இயந்திரத்துக்கு முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். ஒவ்வொரு புட்டியாகத் திறந்து ஊற்றி, காலிகளைத் தரையில் அடுக்கினாள். நிரப்ப வந்தவர்கள் சுற்றிக் கூடினார்கள்.

"என்னம்மா இது?" என்றார் ஒரு பெரியவர்.

"நீங்க பிடிச்சிட்டுப் போறதுதான்யா."

நாரி ஜாடியை மார்போடு அணைத்தபடி பார்த்தாள். அதை நிரப்பாமலே போய்விட்டாள். பியோ ஓடிவந்து கும்ரேயின் கையைத் தட்டிவிட்டான். "பைத்தியமா உங்களுக்கு?"

"உள்ள பண்ணினா வேலை, வெளிய பண்ணினா பைத்தியமா?"

அன்று ஏழு பேர் புகார் எழுதிப் போட்டார்கள். பிறகு நானும் படித்தேன். ஒன்றுதான் இயந்திரத்தைப் பற்றியது. மற்றதெல்லாம் அவளைப் பற்றி: வாய்த்துடுக்கு, மரியாதை தெரியாதவள், சாமான் வாங்க வந்த இடத்தில் மனசைக் கெடுத்துவிட்டாள். எனக்குக் காறித் துப்பத் தோன்றியது. இயந்திரத்தைத் துணிபோட்டு மூடினார்கள். கும்ரேயின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

இப்போது அவள் ஒரு பள்ளிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறாள். அங்கே திரவம் பெரிய கேனில் வரும். காலியானதை லாரி திரும்ப எடுத்துப்போய் நிரப்பிக் கொண்டுவரும். அப்படித்தான் சொன்னார்கள். அவள் நம்பவில்லை. ஆறு கேன்களின் அடியில் ஆணியால் கீறி அடையாளம் வைத்தாள். ஐந்து வாரம் கழித்து எனக்குப் போன் செய்தாள்.

"ஒண்ணு திரும்பி வந்துச்சுடி."

"மத்த அஞ்சு?"

"அதைத்தான் நாளைக்கு லாரிக்காரன்கிட்ட கேக்கப்போறேன்."