கட்டில் காலுக்குள் இருந்த வண்டு

என் மாமனார் எங்கள் வீட்டில் வந்து தங்கியது அதுதான் முதல் முறை. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. கிழக்கேகோட்டையில் அவருடைய வீட்டு ஓடுகளை மாற்றும் வேலை நடந்ததால், கழக்கூட்டத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஃப்ளாட்டுக்கு வேறு வழியில்லாமல் வந்திருந்தார். அவர் மகள் தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை நான். ஒருநாளும் என்னிடம் கடிந்து பேசியதில்லை. ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியதையும் மகளிடம்தான் சொல்வார்.

மூன்றாம் நாள் காலையில், கட்டிலுக்குள் ஏதோ கடித்துக்கொண்டே இருக்கிறது என்றார். வித்துராவில் ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்த ஆஞ்சிலி மரக் கட்டில் அது. என் மனைவி குனிந்து தேடினாள். ஓட்டையும் இல்லை, மரத்தூளும் இல்லை. வீட்டுக்குப் போக அப்பா சாக்குத் தேடுகிறார் என்று அடுக்களையில் என்னிடம் வருத்தப்பட்டாள்.

அன்று எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மத்தியானம் அவர் என் மேசை அருகே வந்து தயங்கி நின்றார்.

“மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் வரேளா? இப்போ நன்னாக் கேக்கறது.”

தரையில் படுத்து, தலைமாட்டுக் காலில் காதை வைத்தேன். யாரோ அப்பளத்தை நிதானமாக மெல்வதுபோல் ஓர் ஓசை.

“ஆமா மாமா, உள்ள இருக்கு” என்றேன். அவர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தச்சர் வந்து காலைத் தட்டிப் பார்த்தார். நீண்ட மீசை உள்ள வண்டின் புழு, மரத்தோடேயே வந்திருக்கும், இரண்டு மூன்று வருடம்கூட உள்ளேயே கிடக்கும் என்றார். துளை போட்டு மருந்து ஊற்றலாம் என்றதும் மாமனார் தடுத்தார். அது வெளியே வந்தபிறகு காலை மாற்றிக்கொள்ளலாமே என்றார். மற்ற சாமான்களில் முட்டையிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தச்சர் போனார். கொசுவலைத் துணியை அந்தக் காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினோம்.

தினமும் சாப்பாட்டுக்குப் பின் இருவரும் போய்க் கேட்போம். என்ன உத்தியோகம் என்று அப்போதுதான் என்னிடம் நேராக விசாரித்தார். சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பது என்றேன்.

“அப்போ இதை உங்களுக்கு முன்னாடி நானாக்கும் கண்டுபிடிச்சேன்” என்று சிரித்தார்.

ஓட்டு வேலை முடிந்தும் அவர் கிளம்பவில்லை. ஏன் என்று மனைவியும் கேட்கவில்லை. பிறகு மூன்று வாரம் ஓசையே இல்லை. செத்துப்போயிற்றோ என்று அவர் சோர்ந்திருந்தார். ஒரு ஞாயிறு விடிந்ததும் எங்கள் கதவைத் தட்டினார். நீள்வட்டமாக ஒரு துளை. கீழே மாவு போலத் தூள். வலைக்குள் பழுப்பு நிற வண்டு, உடம்பைவிட நீளமான மீசையோடு உட்கார்ந்திருந்தது. விரலால் தொட்டதும் கழுத்தை அசைத்துக் கிறீச்சிட்டது.

டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, என் பைக்கில் வித்துரா சாலையில் போனோம். வெட்டிப்போட்ட மரங்கள் கிடந்த ஓரிடத்தில் அவரே மூடியைத் திறந்தார். வண்டு கொஞ்ச நேரம் மீசையை ஆட்டிவிட்டுப் பட்டையின் இடுக்கில் நுழைந்தது. கடைத்தெருவில் டீ குடித்துவிட்டு, தச்சரிடம் புதுக் காலுக்குச் சொன்னோம். மறுவாரம் மாமனார் தன் வீடு திரும்பினார்.

புதிதாகப் போட்ட அந்த ஒரு கால் மட்டும் இன்னும் நிறம் வெளுத்தே இருக்கிறது. மாதத்தில் ஒருநாளாவது மாமனார் வந்து அந்தக் கட்டிலில் படுத்துப் போகிறார்.