அத்தை வீட்டை நான் எழுதி வாங்கிய கதை

அத்தை துடியலூரில் தனியாக இருக்கிறார். அப்பாவின் அக்கா. பிள்ளைகள் இல்லை, மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டின் முன்னறையில் இரண்டு கிரைண்டர்கள். தினமும் சாயங்காலம் தெருவுக்கே இட்லி மாவு அங்கிருந்துதான் போகும். தனக்குப் பிறகு அந்த வீடு எனக்கு வர வேண்டும் என்பது அத்தையின் ஆசை. அதுவரை அது தன் வீடாகவே இருக்க வேண்டும், ஒருத்தரும் தன்னை நகரச் சொல்லக் கூடாது என்பது அதைவிடப் பெரிய ஆசை.

உயில் எழுதினால் போதும் என்றார் அப்பா. நான் விடவில்லை. ஒரு வேலையை விட்டு இன்னொன்றில் சேர்வதற்கு நடுவே ஒரு மாதம் சும்மா இருந்தேன். சும்மா இருக்க எனக்கு வராது. இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உயில் என்றால் பிற்பாடு யாராவது சந்தேகம் கிளப்பலாம். செட்டில்மென்ட் பத்திரம் என்றால் இப்போதே பதிவாகிவிடும், ஆயுள் முழுக்க அனுபவிக்கும் உரிமையை அத்தை தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். தினமும் போனில் அத்தையிடம் இதையே ஓதினேன்.

“செரி கண்ணு, செஞ்சுபோடு. உன் தொல்லை தாங்கல” என்றார் கடைசியில்.

பத்திர எழுத்தரிடம் விட்டிருக்கலாம். நானோ ஒரு மாதிரிப் பத்திரத்தை எடுத்து, பெயர், எல்லை எல்லாம் மாற்றித் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு, அத்தையோடு போனேன். பத்திர ஆபீசுக்கு எதிரே இருந்த எழுத்தர் வாங்கிப் பார்த்து, “அம்மணி பாதி வேலைய முடிச்சுட்டு வந்துட்டீங்க” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

எழுதிக் கொடுப்பவருக்கு முழுப் பத்திரத்தையும் வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் அவர் யாரையும் உள்ளே அனுப்புவதில்லை. ராகம் போட்டுப் படித்தார். நான்கு எல்லைக்கும் அத்தை தலையாட்டினார். “...மேற்படி வீட்டை இன்றைய தேதியிலேயே உங்கள் வசம் ஒப்படைத்துவிட்டேன். இனி அதில் எனக்கு எவ்வித உரிமையும் கிடையாது...”

“ஏனுங்க, நிறுத்துங்க” என்றார் அத்தை. “இன்னைக்கே ஒப்படைச்சுட்டனா?”

“அப்படித்தானுங்க எழுதியிருக்குது.”

“நான் அரிசி ஊறப்போட்டுட்டு வந்திருக்கறேங்க. அதை எங்க கொண்டுபோயி ஆட்டறது?”

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “நல்ல மருமகளுங்க. கையெழுத்துக் காயறதுக்குள்ள அத்தையக் கிளப்பீருவாங்களாட்ட இருக்குது.”

முகம் எரிந்தது எனக்கு. மாதிரியில் இருந்த அந்த வரிகளை நீக்க மறந்திருந்தேன். ஆயுள் உரிமை பற்றிய பத்தியைச் சேர்க்கவே இல்லை. ஒரு மாதமாக நான் ஓதிய விஷயம் மட்டும் பத்திரத்தில் இல்லை! “அத்தை, சத்தியமா தெரியாம...” என்று இழுத்தேன்.

அத்தை எழுத்தரிடம்தான் பேசினார். “பதிஞ்சிருந்தா திருப்ப முடியுமுங்களா?”

“மருமக மனசு வெச்சாத்தானுங்க. பயமா இருந்தா உயில் எழுதீருங்க. எப்ப வேணாலும் மாத்திக்கலாம்.”

அத்தை எழுந்து பக்கத்துக் கடையில் டீ சொன்னார். ஆற அமரக் குடித்தார். என் டீ ஆறிப்போனது. திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இவளுக்கு ஏமாத்தத் தெரிஞ்சிருந்தா இத்தனை சுலுவா மாட்டுவாளுங்களா? செட்டில்மென்ட்டே இருக்கட்டும். ஆனா நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. உசுரு இருக்கற வரைக்கும் நானேதான் குடியிருப்பேன். வாடகைக்கு உட்டாலும் நான்தான் உடுவேன். மாவு ஆட்டுவேன்.”

“மாவெல்லாம் பத்திரத்துல எழுதறதில்லீங்களே.”

“ஏனுங்க? ஊடு இன்னும் என்னுதுதானே?”

‘நான் நடத்திவரும் மாவுத் தொழில் உட்பட’ என்று எழுதினார் அவர். முழுவதையும் மறுபடி முதலிலிருந்து ராகத்தோடு படித்தார்.

உள்ளே சார்பதிவாளர் அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். “யாராவது வற்புறுத்தி எழுதிக் குடுக்கறீங்களா?”

“வற்புறுத்துனாளுங்க, ஒரு மாசமா” என்று அத்தை என்னைக் காட்டினார். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அத்தை தொடர்ந்தார். “ஆனா இதுல இருக்கறது அத்தனையும் நான் சொன்னதுங்க. ஒவ்வொரு வரியும் கேட்டுட்டேன்.”

அவர் சிரித்துக்கொண்டே விரல்ரேகைக் கருவியை அத்தை பக்கம் நகர்த்தினார்.

ஆட்டோவில் அத்தை சொன்னார்: “கண்ணு, எழுதிக் குடுத்துட்டாங்கன்னு தொறந்த ஊட்டுக்குள்ள நொழையறாப்புல நேரா வந்துறாத. நான் இருக்கற வரைக்கும் மணி அடிச்சுட்டு நில்லு.”

அப்படியே செய்கிறேன். சில நாள், நான் வந்தது தெரிந்தும், வேண்டுமென்றே மெதுவாகத்தான் வந்து திறக்கிறார்.