குதிகால் பட்ட இடம்

நேற்று ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கக் கீழே போன நான் வீடு திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மருமகள் போன்மேல் போன் போட்டிருக்கிறாள். என் போனோ மேலே சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. என் லட்சணம் அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது பெங்களூர் வைட்ஃபீல்டில், மகன் வாங்கிய ஃபிளாட்டில். அதன் அடித்தளத்தில் வண்டி நிறுத்தும் இடம் இருக்கிறதே, அது ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம். கார்கள் வரும், போகும், ஒரு வாடையும் இருக்காது. நேற்று கொத்தமல்லி வாங்கித் திரும்பி, அங்கே லிஃப்ட்டுக்காக நின்றபோது குப்பென்று ஒன்று மூக்கில் ஏறியது. பழைய எஞ்சின் ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. எத்தனை வருஷம் கழித்து! கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

தூணோரம் ஒரு பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, ஈரோட்டுப் பக்கமாம். எதிரில் ஒரு பழைய பைக். கிக்கரைக் கழற்றி, எஞ்சினை மூடியிருக்கும் கவரின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து, ஒரு டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தான்.

"கவரைக் கழட்டிப் பாலிஷ் போடக் குடுக்கப் போறேன் ஆன்ட்டி" என்றான்.

"ஐயோ, இப்படி மொத்தமா கொட்டி வச்சா எது எந்த ஓட்டைக்குன்னு எப்படிப்பா தெரியும்? ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. ஒரு அட்டையில கவர் மாதிரியே வரைஞ்சு, அந்தந்த இடத்துல குத்தி வை. இல்லன்னா மாட்டும்போது நீளமானது குட்டை ஓட்டைல போய் எஞ்சினையே உடைச்சிடும்."

என் கையிலிருந்த கொத்தமல்லிக் கட்டே வாயைத் திறந்து பேசியதுபோல அவன் பார்த்தான். எனக்கே ஆச்சரியம்தான். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் நான்.

தொண்ணூறுகளில் ஆஸ்டின் டவுனில் இருந்தோம். இரண்டு அறை வீடு. வாசலில் இறங்கினால் தெரு. அந்த வாசலுக்கும் தெருவுக்கும் நடுவிலிருந்த சின்ன இடத்தை அப்பாவின் பைக் அடைத்துக்கொண்டிருக்கும். கறுப்பு எஞ்சின், டூ ஸ்ட்ரோக். விடியக்காலை முதல் ஷிப்டுக்கு அவர் அதை உதைத்துக் கிளப்பும்போது தெருவே திட்டும். அம்மாவுக்கு மட்டும் அது சங்கீதம். வாசல்படியில் நின்று, சத்தம் தெருமுனை திரும்புகிறவரைக்கும் உள்ளே வரமாட்டாள். பால் பொங்கி வழிந்தாலும் சரி. வழிந்திருக்கிறது, நான்தான் அடுப்பைத் துடைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். பிரேக்மேல் வலது காலை வைத்தால் எடுக்கவே மாட்டார். பயந்த சுபாவம். அதனால் அவருடைய ஷூவின் குதிகால், வலது பக்கத்துக் கிளட்ச் கவரில் உரசிக்கொண்டே இருக்கும். உரசி உரசி, அந்த ஓர் இடத்தில் மட்டும் கறுப்பு பெயின்ட் போய், அடியிலிருந்த அலுமினியம் வெளியே தெரியும். ஒரு வெற்றிலை அளவு. வெயில் பட்டால் பளிச்சென்று கண்ணைக் கூசும். "மனுஷன் பிரேக்கைத் தேய்க்கிறாரா, வண்டியைத் தேய்க்கிறாரா?" என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் அப்பா. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லாம் முறைப்படி செய்தார்கள். வீட்டைக் கழுவினார்கள். துணிகளைத் துவைத்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஷூ, பாய், தலையணை ஒன்று பாக்கியில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். கடைசியில் வீட்டில் அப்பா என்று சொல்ல ஒரு போட்டோவும் அந்த வண்டியும் மிஞ்சின. போட்டோவில் அவர் யாரோ மாதிரி விறைப்பாக இருப்பார்.

அண்ணனுக்கு அப்பாவின் ஃபேக்டரியிலேயே வேலை கிடைத்தது. அப்பாவின் வண்டியிலேயே போனான். அங்கேதான் வந்தது வினை. வண்டியை நிறுத்தினால், "இது அவர் வண்டிதானே?" என்று யாராவது வந்துவிடுவார்களாம். சிலர் அந்த வெள்ளி இடத்தைத் தொட்டுப் பார்த்து உச்சுக் கொட்டுவார்களாம். பாவம், அவனும் எத்தனை நாள் கேட்பான்?

"அப்பா வேலை, அப்பா வண்டி, அப்பா லாக்கர். எனக்குன்னு ஒரு பேரே இல்லியாம்மா?" என்று ஒருநாள் கத்திவிட்டான். அம்மா அவனுக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அது சாதாரணப் பண்டிகையா? ஃபேக்டரிக்கு ஃபேக்டரி வாழைக்கன்று, தோரணம், பூசணிக்காய். தொழிலாளிகளின் வண்டிகள் எல்லாம் வரிசையாக நிற்கும். யார் வண்டி அதிகம் மின்னுகிறது என்று வெளியில் சொல்லாத ஒரு போட்டி வேறு. அண்ணன் முடிவு செய்துவிட்டான். இரண்டு பக்கத்துக் கவரையும் கழற்றி, பஃபிங் பட்டறையில் கொடுத்து, பெயின்ட்டை எடுத்துவிட்டு, முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போடுவது.

ஞாயிற்றுக்கிழமை தெருமுனை மெக்கானிக் பாஷா பாய் வந்தார். ஆயிலை வடித்தார்கள். கிக்கரையும் பிரேக்கையும் கழற்றினார்கள். ஸ்க்ரூக்கள் இறுகிக் கிடந்தன. ஸ்க்ரூ டிரைவரின் தலையில் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் அசைத்தார்கள். நான் ஒரு ஸ்வீட் பாக்ஸின் மூடியில், என் புருவப் பென்சிலால், கவர் மாதிரி ஒரு படம் போட்டேன். அது கவர் மாதிரி இல்லை, பலாக்கொட்டை மாதிரி இருந்தது. இருந்தாலும் ஒவ்வொரு ஸ்க்ரூவும் வரவர அந்தந்த இடத்தில் குத்தி வைத்தேன். "அரே வா, இஞ்சினியரம்மா!" என்றார் பாய். அந்த ஒரு வார்த்தையில் புருவப் பென்சில் போன வருத்தம் போய்விட்டது.

கவரை வெளியே இழுத்ததும் கொஞ்சநஞ்சம் தங்கியிருந்த ஆயில் தரையில் ஒழுகியது. அம்மா துணியோடு வந்தாள். துடைக்க வந்தவள் துடைக்காமல் நின்றாள்.

"சேகரு, இந்தப் பக்கம் மட்டும் உட்டுடேண்டா."

"ஒரு பக்கம் மின்னி ஒரு பக்கம் கறுப்பா இருந்தா சிரிப்பாங்கம்மா."

"அதுக்கில்லடா…"

"எதுக்குமில்ல. சும்மா இரு."

பாய் இருவரையும் பார்த்துவிட்டு, "அம்மா, பாலிஷ் போட்டா கண்ணாடி மாதிரி வரும், பாருங்க" என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

இரண்டு கவரையும் மண்ணெண்ணெயில் கழுவி, பேப்பரை விரித்து, சமையலறை ஓரத்தில் காய வைத்தான் அண்ணன். மறுநாள் காலையில் பார்த்தால் இடது பக்கத்துக் கவர் மட்டும் இருந்தது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! கட்டிலுக்கு அடியில், பரணில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எல்லாம் தேடினோம். அம்மாவும் கூடச் சேர்ந்து தேடினாள். "இங்கதானேடா வச்சே, எந்தப் படுபாவி எடுத்துட்டுப் போனானோ" என்று வாய் ஓயவில்லை. பழைய பேப்பர்காரன்மேல் சந்தேகம், எதிர்வீட்டுப் பிள்ளைகள்மேல் சந்தேகம். நானே ஒரு நாயைச் சந்தேகப்பட்டேன். நாய்க்குக் கிளட்ச் கவர் எதற்கு என்று அப்போது தோன்றவில்லை.

கிளட்ச் கவர் இல்லாமல் வண்டியை அசைக்க முடியாது. கிளப்பினால் ஆயில் தெருவெல்லாம் கொட்டும். வயிறு திறந்த மாதிரி அது வாசலில் நின்றது. அண்ணன் இடது கவரை மட்டும் பட்டறையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போனான். பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. வரிசையில் அவனுடைய வண்டி மட்டும் இருக்காது. அதுதான் அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

அதற்கடுத்த நாள் மத்தியானம், அண்ணன் முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும், மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா சூடாகச் சோறு போட்டாள். அண்ணன் முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனவன், அப்படியே நிறுத்தினான்.

"சோறு இன்னாமா மண்ணெண்ண வாடை அடிக்குது?"

நானும் மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் மட்டுமில்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் வரும்போது கூடவே வருமே, அந்த ஆயில் வாடையும் இருந்தது. அம்மா தலையைத் தூக்கவில்லை. அண்ணன் திரும்பி அரிசி டிரம்மைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். எழுந்து போய் டிரம்மைத் திறக்கப்போகிறான், வீடு ரெண்டுபடப் போகிறது என்று நினைத்தேன்.

"அவரு துணிகூட ஒண்ணு மிச்சம் வைக்கல, எல்லாத்தையும் துவைச்சிட்டாங்கடா" என்றாள் அம்மா, தட்டைப் பார்த்தபடியே.

அண்ணன் கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டுக்கொண்டான். அப்புறம், "ரசத்த ஊத்து" என்றான். தட்டில் போட்டதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். நானும் சாப்பிட்டேன். அவ்வளவு கேவலமான சோற்றை நான் சாப்பிட்டதில்லை. இப்போது கிடைத்தால் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவேன்.

சாயங்காலமே பாஷா பாயை இழுத்துக்கொண்டு சிவாஜிநகர்ப் பக்கம் பழைய சாமான் விற்கிற குஜரிக் கடைகளை அலசினான். யாருடைய வண்டியிலோ இருந்த ஒரு வலது கவர் கிடைத்தது. அதற்குப் பாலிஷ் போட்டு, பலாக்கொட்டை அட்டையிலிருந்த ஸ்க்ரூக்களை வரிசையாக எடுத்து முடுக்கினார்கள். பூஜையன்று வண்டி மின்னியது. "புது வண்டியா?" என்று ஃபேக்டரியில் யாரோ கேட்டார்களாம். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வீட்டுப் பூஜையில், அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றுக்கும் நடுவில், மணைப்பலகைமேல் அந்தப் பழைய கவர் உட்கார்ந்திருந்தது. வெள்ளி இடத்தை விட்டுச் சுற்றிலும் சந்தனம், குங்குமம். அண்ணன் பார்த்தான். "பார்றா, காணாமப் போனவரு பண்டிகைக்கு வந்துட்டாரு" என்றான். அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் வருஷாவருஷம் அது பலகை ஏறியது. ஏறுவதற்கு முன்னால் குளியல். பூஜைக்கு முந்தின நாள் குத்துவிளக்கு, தாம்பாளத்தோடு சேர்த்து அதையும் அம்மா கிணற்றடியில் போட்டு, புளியும் சாம்பலும் வைத்துத் தேங்காய் நாரால் தேய்ப்பாள். வேறு யாரையும் தொடவிட மாட்டாள். பூஜைக்குப் போகிற பொருள் அழுக்காகப் போகலாமா? மிச்சமிருந்த கறுப்பு பெயின்ட் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. வெற்றிலை அளவு இருந்தது உள்ளங்கை அளவானது. உள்ளங்கை அளவு தட்டு அளவானது. ஒரு பூஜைக்குப் பார்த்தால் முழுக்க வெள்ளி. அப்பாவின் குதிகால் பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் வித்தியாசம் இல்லை. பஃபிங் பட்டறை ஒரே நாளில் செய்திருக்கும். அம்மா வருஷக்கணக்கில், அதுவும் ஆசை ஆசையாகச் செய்தாள்.

அவளுக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா? கண்ணில் புரை விழுந்திருந்தது. ஃபிளாட்டுக்கு என்னோடு வந்தபோது துணிப்பையில் கவரைத்தான் முதலில் எடுத்து வைத்தாள். மத்தியானங்களில் மடியில் வைத்துக்கொண்டு, விரலால் தடவி, "அவரு கால் பட்ட எடம். இங்கதான்" என்பாள். ஒவ்வொரு தரமும் வேறு வேறு இடத்தைக் காட்டுவாள். நான் "ஆமாம்மா" என்பேன்.

பாஷா பாய் எங்கேயென்று தெரியவில்லை. ஆஸ்டின் டவுன் வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள். வண்டி எப்போதோ அதே குஜரிக்குப் போய்விட்டது. அண்ணன் ஆனேக்கலில் இருக்கிறான். என் பேரனோடு அவன் வீடியோவில் பேசும்போது பார்த்தால் அச்சு அசல் அப்பா முகம். சொன்னால் இப்போது கோபித்துக்கொள்வதில்லை. அம்மா போன வருஷம் போய்விட்டாள்.

நேற்று மேலே வந்து, வாடிப்போன கொத்தமல்லியை மருமகளிடம் கொடுத்து, வாங்கவேண்டிய திட்டையும் வாங்கிக்கொண்டு, என் அறைக்குப் போனேன். அலமாரியிலிருந்து கவரை எடுத்து மடியில் வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்கதான்" என்றேன், வாய்விட்டே. ஆமாம் என்று சொல்ல ஆள் இல்லை.